பட்டா, பசலி, பி-மெமோ: கும்பினியார் விட்டுப்போன கணக்கு

நிலப் பதிவேடுகளில் காலனி ஆட்சி விட்டுச்சென்ற தடம் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

தாம்பரம்: சார், பட்டா என் பேரில்தான் இருக்கு. ஆனா வக்கீல் "பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது"ங்கிறார். அப்புறம் அது எதுக்கு?

வக்கீல் சொல்வது சரி. 1792-ல் பாரமகால் பகுதியில் (இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, இந்த வயலுக்குத் தீர்வை (நில வரி) கட்டுவது யார் என்பதுதான். அதிலிருந்து வளர்ந்த, விவசாயியிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையின் பெயர்ப் பட்டியல்தான் பட்டா. 1908 பதிவுச் சட்டமும் பத்திரத்தைப் பதிகிறதே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டு என்று உத்தரவாதம் தருவதில்லை. எனவே தாய்ப்பத்திரம் (இதே நிலத்தின் முந்தைய பத்திரம்), குறைந்தது 30 வருட ஈ.சி. (வில்லங்கச் சான்று), பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் (சர்வே துறையின் புல வரைபடம்) நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஈ.சி. சுத்தமாக இருப்பதால் மட்டும் நிம்மதியடைய வேண்டாம். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம். நகரத்துக்குள் டவுன் சர்வே முடிந்த இடமென்றால் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகலையும் கேளுங்கள்.

குரோம்பேட்டை: தாத்தா காலத்துப் பத்திரத்தில் "பசலி 1359, அரைக் காணி" என்று இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-ல் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு தெரிய, ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1359 என்பது 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை. எல்லா மாதத்துக்கும் 590 என்று கூட்டிவிட்டு, ஒரு வருடம் தள்ளி ஈ.சி. தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

காணி என்பது 24 கிரவுண்டு, அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். உங்களுடையது 28,800 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். பழைய பட்டா ஏக்கரில் இருக்கும், யு.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பிந்தையது ஹெக்டேர், ஏரில் இருக்கும். மாற்றும்போது கால் சென்ட், அரை சென்ட் வித்தியாசம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சர்வே எண் மாறியிருந்தால்தான் கவலை. தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள்.

வேளச்சேரி: புறம்போக்குன்னா ஒண்ணுக்கும் ஆகாத நிலம்தானே?

இல்லவே இல்லை. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே விட்டது புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்க்கால், மயானம், களம் என்று ஊரே புழங்கிய இடங்கள் அவை. கஜானாவுக்கு வரவில்லை என்பதற்காகச் சொல்லே வசைச்சொல்லாகிவிட்டது! பள்ளிக்கரணைக் கழுவெளியும் (சதுப்பு நிலம்) இப்படி வெறும் தரிசாகப் பார்க்கப்பட்டதால்தான் குப்பைமேடும் கட்டடங்களும் உள்ளே வந்தன. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது, 2022-ல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது.

அதே நபர்: எங்க தெருவில் பலர் பி-மெமோ ரசீதை பத்திரமா வச்சிருக்காங்களே?

1905 ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் போடும் தண்டத்துக்கான ரசீது அது. இத்தனை வருடமாக இங்கே குடியிருக்கிறோம் என்று காட்ட உதவும். உரிமைக்குச் சான்றாக நீட்டினால், "இது அரசு நிலம்" என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

செங்கல்பட்டு: வாங்கப்போகும் மனை பஞ்சமி நிலமா என்று எப்படிப் பார்ப்பது, அண்ணா?

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பத்து வருடம் விற்கக்கூடாது, பிறகும் அவர்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. "பத்து வருஷம் முடிஞ்சாச்சு, யாரும் வாங்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் பாதி நிபந்தனையை விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். இன்றைய பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டிலும் (கிராமத்தின் சர்வே எண்வாரி நிலப் பதிவேடு) பழைய செட்டில்மென்ட் பதிவேட்டிலும் (அன்று தீர்வை நிர்ணயித்தபோது எழுதியது) குறிப்புப் பத்தியில் "டி.சி." (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) அல்லது "நிபந்தனை" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர்: பழைய செட்டில்மென்ட் பதிவேடு எங்கே கிடைக்கும்?

முதலில் தாலுகா அலுவலகம். அங்கே இல்லையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். போகும்போது கிராமத்தின் பழைய பெயர், அன்றைய தாலுகா, பழைய சர்வே எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இன்றைய தெருப் பெயரை வைத்து அங்கே எதையும் தேட முடியாது.