கேள்வி–பதில்: கேட்டால் பதில் சொல்லாத சோலார் கட்டுப்பாட்டுக் கருவி

கேள்வி: சோலார் சார்ஜ் கன்ட்ரோலரை (சோலார் பலகையிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் கருவி) ஆர்எஸ்-485 (கம்பி இணை வழியாகத் தரவு அனுப்பும் முறை) யுஎஸ்பி மாற்றி வழியாகக் கணினியில் இணைத்தேன். போர்ட் தெரிகிறது, மோட்பஸ் (கருவியிடம் கேள்வி அனுப்பிப் பதில் பெறும் தகவல்தொடர்பு முறை) மென்பொருளோ 'பதில் இல்லை' என்றே சொல்கிறது. கருவி பழுதா?

பதில்: அவசரப்பட்டுக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். போர்ட் தெரிவது மாற்றி உயிரோடு இருப்பதற்கு மட்டுமே அடையாளம். மாற்றியில் இரண்டு விளக்குகள் இருந்தால் கவனியுங்கள். அனுப்பும் விளக்கு மின்னி, பெறும் விளக்கு அசையாமல் இருந்தால், கேள்வி போகிறது, பதில் வரவில்லை. உடனே ஏ, பி எனக் குறித்த இரண்டு தரவுக் கம்பிகளை இடம் மாற்றுங்கள். இந்தப் பெயர்களை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. மாற்றிப் பார்ப்பதால் எதுவும் கெடாது.

அடுத்து, மென்பொருளில் தரவு வேகம் (பாட் ரேட்). 9600, 115200 இரண்டையும் முயலுங்கள். கருவியின் முகவரி எண் பெரும்பாலும் 1. மோட்பஸில் 247 வரை இருக்கலாம்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். கன்ட்ரோலரின் துளை நெட்வொர்க் துளை போலவே இருந்தாலும் அது நெட்வொர்க் அல்ல. சில முனைகளில் மின்சாரம்கூட வரும். கையேட்டின் படத்தைப் பார்க்காமல் கம்பி செருகாதீர்கள். பல கன்ட்ரோலர்களில் சோலார் பலகைக்கும் பேட்டரிக்கும் பாசிட்டிவ்தான் பொது இணைப்பு. நெகட்டிவ் பக்கமே உள்ளே துண்டிக்கப்படுகிறது. அதே பேட்டரியில் கணினியும் ஓடினால், தரவுக் கம்பியின் கிரவுண்ட் வழியாக மின்சாரம் குறுக்கே பாய்ந்து கருவியையே எரித்துவிடலாம். மின்தனிமைப்படுத்திய மாற்றியையே (கணினிப் பக்கத்துக்கும் கருவிப் பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாதது) வாங்குங்கள்.