ஓய்வுக்கு எட்டு மாதம்: அரசு அட்டையா, தனியார் பாலிசியா?

கேள்வி: எனக்கு 57 வயது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. கம்பெனி மெடிக்ளைம் 3 லட்சம் அன்றோடு நின்றுவிடும். எனக்குச் சர்க்கரை, மனைவிக்குப் பிரஷர். முதலமைச்சர் காப்பீடு இருக்கும்போது தனியாருக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்கிறான் மகன். ஏஜென்ட்டோ இன்றைக்கே எடுக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (தண்டையார்பேட்டை)

பதில்: இந்த முறை ஏஜென்ட் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது.

ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனியார் பாலிசியில் அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதுவரை அந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதம். இந்தக் கணக்கு பாலிசி எடுத்த நாளிலிருந்து ஓடும். இன்று எடுத்தால் அதில் எட்டு மாதம் கம்பெனி மெடிக்ளைமின் நிழலிலேயே கழிந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு எடுத்தால் மூன்று வருஷமும் சர்க்கரை சம்பந்தமான செலவு உங்கள் பையிலிருந்துதான்.

அதற்கும் முன்னால் எச்.ஆர். பிரிவில் ஒன்று கேளுங்கள்: "கம்பெனியின் குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா? இத்தனை வருஷம் காப்பீட்டில் இருந்ததற்குக் காத்திருப்புக் காலத்தில் கழிவு உண்டா?" மாற வழி இருந்தால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கழிவு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அது பழைய 3 லட்சத்துக்குத்தான் கிடைக்கும், கூட்டிய தொகைக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இனி மகன் சொல்வது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ப்ரீமியம் கிடையாது, பழைய நோய்க்குக் காத்திருப்பும் கிடையாது. இந்த இரண்டும் எந்தத் தனியார் பாலிசியிலும் சேர்ந்து கிடைக்காது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சம்பளம் வாங்கும்வரை உங்களுக்குப் பொருந்தாது. ஓய்வுக்குப் பிறகு பொருந்தலாம். பி.எஃப். பென்ஷன் பெரும்பாலும் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டாது, வருஷத்துக்கு 90,000. அதோடு வங்கி வட்டியும், அதே ரேஷன் கார்டில் இருக்கும் மகனின் சம்பளமும் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும். இங்கேதான் பலருக்கும் இடிக்கிறது.

தகுதி இருந்தால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகளோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குக் காப்பீட்டு அட்டை வாங்கப் போங்கள். நெஞ்சு வலி வந்த பிறகு இந்த அலைச்சல் முடியாது.

இந்த அட்டை செல்லுவது திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும். ஒரு தனியார் மருத்துவமனை இதயத்துக்குச் சேர்ந்திருக்கும், எலும்புக்குச் சேர்ந்திருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கே ஒதுக்கப்பட்டவை. நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருப்பதால் அது பெரிய குறை இல்லை என்பது எங்கள் கருத்து. தகுதி வந்தால் அட்டையையும் வாங்குங்கள், அதற்காகப் பாலிசியை விடாதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பினால், நோய் பற்றிய கேள்விகளில் எல்லாம் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவது உண்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை எந்த வருஷத்திலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் க்ளெய்ம் போய்விடும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகுதான் மோசடி தவிர வேறு காரணம் சொல்லி காப்பீட்டு நிறுவனம் கிளற முடியாது. பாலிசி கைக்கு வந்ததும் உங்கள் பதில்கள் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று படியுங்கள். திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18% ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய ரேட் கார்டைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: 3 லட்ச ரூபாய் பாலிசி இருந்தும் 2,20,000 பில்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் நாங்கள் கட்டினோம். ஏன்? (கொருக்குப்பேட்டை)

பதில்: ரூம் வாடகைதான் காரணமாக இருக்கும். நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 1% என்று பாலிசியில் இருந்தால் உங்களுக்கு 3,000 ரூபாய் ரூம். 6,000 ரூபாய் ரூமில் ஐந்து நாள் இருந்தீர்கள் என்று வையுங்கள். வாடகை 30,000-ல் 15,000 வரும். அதோடு நிற்காது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் கட்டணங்களும் ரூமின் தரத்தை ஒட்டி ஏறுவதால் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அது 1,20,000 என்றால் 60,000தான். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, டெஸ்ட் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது, அந்த 70,000 முழுசாக வரும். ஆக 1,45,000. மூத்த குடிமக்கள் பாலிசியில் 20% கோ-பே (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் கையில் நிற்பது 1,16,000. மிச்சம் 1,04,000 உங்கள் தலையில். மருத்துவமனை எல்லா ரூமுக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறது என்றால் இந்த விகித வெட்டே செல்லாது. பில்லில் அதைப் பார்த்து எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

ப்ரீமியம் குறைவு என்று ஆசைப்படும் இடத்தில்தான் ரூம் வரம்பும் கோ-பேவும் ஒளிந்திருக்கும்.

கேள்வி: சம்பளம் 19,000. இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். ஓய்வானால் அயனாவரம் ஆஸ்பத்திரிக்கு இனி போக முடியாதா? (வியாசர்பாடி)

பதில்: முடியும். குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சிகிச்சை தொடரும். பிள்ளைகளுக்குக் கிடையாது. கம்பெனி தரும் கடிதத்தில் 'ராஜினாமா' என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயது முதிர்ந்து ஓய்வு என்றே இருக்கட்டும், அதை வைத்துத்தான் கிளை அலுவலகத்தில் பதிவார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாதம் 70. 70 வயதானவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையான வய வந்தனாவை வாங்கிவிட்டுத் தனியார் பாலிசியை நிறுத்தலாமா? (ராயபுரம்)

பதில்: அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் வாங்கலாம். வீட்டில் 70 தாண்டியவர்கள் இரண்டு பேர் என்றால் அட்டை ஆண்டுக்குத் தரும் 5 லட்சத்தை இருவரும் பகிர வேண்டும். அம்மா வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இந்த அட்டையை ஏற்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். அதுவரை ப்ரீமியத்தைக் கட்டிக்கொண்டே வாருங்கள். கெடு முடிந்தும் ஆண்டு ப்ரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. அதையும் தவறவிட்டால் இத்தனை வருஷம் கழித்த காத்திருப்புக் காலம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.