வெந்த முட்டையின் புரதம் மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்புமா?

அப்படியே ஆறவிட்டால் திரும்பாது. பினாங்கு கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையை உடைத்து ஊற்றும்போது பாருங்கள்: ஓரம் வெள்ளையாக உறைந்திருக்கும், நடுவில் கண்ணாடிபோல வழுவழுவென்று ஓடும். இரண்டும் ஒரே புரதங்கள்தாம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்து மடிந்த சங்கிலி. அந்த மடிப்புக்குள் ஒளிந்திருந்த, நீரோடு ஒட்டாத பகுதிகள் சூட்டில் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

சிக்காமல் அவிழ்த்தால்? அமெரிக்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இதைத்தான் சோதித்தார். ஆர்.என்.ஏ. மூலக்கூறை வெட்டும் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பிணைப்புகள். யூரியாவையும் அந்தப் பிணைப்புகளை உடைக்கும் பொருளையும் சேர்த்து அதை முழுக்க அவிழ்த்தார். நொதியின் வேலை நின்றது. இரண்டையும் நீக்கிக் காற்றுப்பட விட்டதும் தானாகவே மடிந்து, ஆர்.என்.ஏ.வை மீண்டும் வெட்டத் தொடங்கியது. எட்டுக் கந்தக முனைகள் 105 விதமாக இணை சேரலாம். அது சரியான ஒன்றுக்கே திரும்பியது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வடிவத்துக்கான கட்டளை அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய அவருக்கு 1972இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த அமினோ அமிலச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை 1963இல் சென்னையில் வரைந்து காட்டியது உயிர் இயற்பியலாளர் ஜி.என். இராமச்சந்திரன் குழு. புதிய புரத வடிவங்களை இன்றும் அந்தப் படத்தை வைத்தே சரிபார்க்கிறார்கள்.