வாசகர் கேள்வி – பதில்: கடித்த நாயை யார் தேடுவது?

கேள்வி: நாய் கடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தடுப்பூசி போடுகிறார்கள். அப்படியிருந்தும் ரேபிஸ் ஏன் ஒழியவில்லை? இதில் கால்நடைத் துறைக்கு என்ன வேலை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தடுப்பூசி கடிபட்டவரைக் காப்பாற்றுகிறது, கடித்த நாயை அது தொடுவதில்லை. ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்குள் அதே நாய் அடுத்த தெருவில் ஒரு சிறுவனையும் நான்கைந்து நாய்களையும் கடித்திருக்கக்கூடும்; அந்தச் சிறுவன் அடிக்குப் பயந்து வீட்டில் சொல்லாமல் இருந்துவிட்டால், நோய்க்குறிகள் தோன்றிய பிறகு அவனைப் பிழைக்கவைக்க ஏறக்குறைய வழியே இல்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே வருகிறது என்பதால், நாய்களிடையே நோய் சுற்றிக்கொண்டிருக்கும்வரை மருத்துவமனை வரிசை குறையாது.

யாரை, எங்கே, எப்போது நாய் கடித்தது என்பது மருத்துவருக்குத் தெரியும். அந்த நாயைக் கண்டுபிடித்துக் கண்காணிப்பதும், அது இறந்தால் மூளைத் திசுவை ஆய்வகத்தில் சோதித்து நோயை உறுதிசெய்வதும் கால்நடை மருத்துவரின் வேலை. தெருநாய்களைப் பிடிக்கும் பொறுப்போ உள்ளாட்சியிடம் இருக்கிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும் தகவல் அன்றே மற்ற இருவரையும் எட்டினால்தான், அந்த நாயிடம் கடிபட்ட மற்றவர்களைத் தேடிப்பிடித்து ஊசி போட முடியும். பணக்கணக்கும் ஒரு தடைதான்: நாய்களுக்கு ஊசி போடும் செலவு ஒரு துறையின் தலையில் விழ, அதனால் மிச்சமாகும் மருத்துவச் செலவு வேறொரு துறையின் கணக்கில் சேருவதால், இதை முன்னின்று செய்ய எவருக்கும் பெரிய அவசரம் இருப்பதில்லை.

இந்தத் தடையைத் தாண்டிக் காட்டியது கோவா. அங்கே 2013 முதல் மாநில அரசும் ‘மிஷன் ரேபிஸ்’ என்ற தொண்டு நிறுவனமும் கைகோத்து, ஆண்டுக்கு 95,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்குத் தடுப்பூசி போடும் நிலையை எட்டின. எந்தத் தெருவில் எத்தனை நாய்களுக்கு ஊசி போடப்பட்டது என்பதைக் கைபேசிச் செயலியில் பதிந்து, விடுபட்ட பகுதிகளுக்கு மறுபடியும் ஆட்களை அனுப்பினார்கள். ஆண்டுக்கு 1,50,000 பள்ளிப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி பற்றிப் பாடம் நடத்தினார்கள். 2019-க்குள் நாய்களிடையே மாதந்தோறும் தென்பட்ட ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது; மனித உயிரிழப்பும் நின்றது. 2021-இல் கோவா, ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மத்திய அரசின் சுகாதார அமைச்சகமும் கால்நடை அமைச்சகமும் சேர்ந்து, 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டன. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வட்டார மருத்துவமனையின் செவிலியரிடம் அவ்வூர்க் கால்நடை மருத்துவரின் கைபேசி எண் இருக்கிறதா என்பதை வைத்தே நான் அதை எடைபோடுவேன்.

கேள்வி: தெருநாய்களைக் கொன்றுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: தீராது. கொல்லும்போது தடுப்பூசி போட்ட நாய்களும் சேர்ந்தே போகின்றன. காலியான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்துவிடுகின்றன. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவை ஆண்டுதோறும் குறையாமல் பார்த்துக்கொண்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும்.

கேள்வி: தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசி இன்னும் உண்டா? கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: அந்தப் பழைய ஊசி எப்போதோ கைவிடப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள், இரு கைகளிலும் சிறிதளவு மருந்தாக, முதல் நாளிலும் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடுகிறார்கள். பல் தோலைத் துளைத்து இரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பு மருந்தையும் செலுத்த வேண்டும். பத்து நாள் கண்காணிப்பு நாய்க்குத்தான், உங்களுக்கு அல்ல. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், மீதி ஊசிகளை என்ன செய்வது என்பதை மருத்துவர் சொல்வார்.