மைதான அஞ்சல்: சூ பேர்டின் குளிர்காலங்கள்

போன இதழில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை சூ பேர்டைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சியாட்டில் அரங்கத்தின் வாசலில் 2025 ஆகஸ்டில் அவருக்குச் சிலை திறந்த செய்தி அது. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

"என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் பாயிண்ட் கார்டாக ஆடுகிறாள். சூ பேர்டின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இதையே தொழிலாக எடுத்துக்கொள்வேன் என்கிறாள். பந்து ஆடிப் பிழைக்க முடியுமா? அந்த அம்மா எப்படிப் பிழைத்தார்?" – ஒரு தாய், நாகர்கோவில்

அவர் எப்படிப் பிழைத்தார் என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்தால் உங்கள் மகளிடம் பேசுவது எளிதாகும்.

2002இல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி ஆடிய 39 ஆட்டங்களிலும் ஜெயித்தது. அந்த அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர், சூ பேர்ட். அதே ஆண்டு, டபிள்யூ.என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பெண்கள் லீக்கின் அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது, சியாட்டில் ஸ்டார்ம் அணி முதல் ஆளாக அவரை எடுத்தது. நாட்டிலேயே முதல் இடம். இனி காசுக்குக் கவலையில்லை என்றுதானே நாம் நினைப்போம்? ஆனால் அந்த லீக் கோடையில் மட்டும் நடப்பது. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும். சம்பளமும் ஆண்கள் லீக்கோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

அதனால் சியாட்டிலில் கடைசி ஆட்டம் முடிந்ததும் பெட்டியைக் கட்டுவார். போகுமிடம் ரஷ்யா. 2004 முதல் 2014 வரை பத்து குளிர்காலங்கள் அங்கேதான். முதலில் டைனமோ மாஸ்கோ, அப்புறம் ஸ்பார்டாக், கடைசியாக யூரல் மலைப் பக்கம் இருக்கும் எகடெரின்பர்க் நகரத்து அணி. ஸ்பார்டாக்குக்கு ஆடியபோது 2007 தொடங்கி 2010 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவின் யூரோலீக் கோப்பை. 2013இல் எகடெரின்பர்க்கோடு இன்னொன்று. அமெரிக்காவில் தந்ததைப் போலப் பல மடங்கு சம்பளம் அங்கே கிடைத்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டிக்கெட் விற்று வரவில்லை. ஸ்பார்டாக் அணியை நடத்திய ஷப்தாய் கல்மனோவிச் என்ற செல்வந்தர் தன் பையிலிருந்து செலவழித்தார். வீராங்கனைகளுக்குப் பெரிய வீடு, கார், ஓட்டுநர், பரிசுகள் என்று குறையே வைக்கவில்லை. 2009 நவம்பரில் மாஸ்கோவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பருவத்தின் கோப்பையையும் அந்தப் பெண்கள் ஜெயித்தார்கள். அந்த மாதங்களில் அவர்கள் என்ன மனநிலையில் பயிற்சிக்குப் போயிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஒரு மனிதரின் விருப்பத்தை நம்பி நிற்கிற பிழைப்பு அது.

இன்னொரு கணக்கும் சொல்லவேண்டும். பேர்டின் நெருங்கிய தோழி டயானா டாராசி 2015இல் அமெரிக்க லீக்கில் ஆடவே இல்லை. அங்கே அவருடைய சம்பளம் சுமார் 1,07,000 டாலர். ரஷ்ய அணி அவருக்கு 15 லட்சம் டாலர் அளவில் கொடுத்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அதற்கு மேல், கோடையில் ஓய்வெடுத்துக்கொள்ளவும் பணம் கொடுத்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரி, சொந்த ஊரில் ஆடாமல் இருப்பதற்குக் காசு வாங்கினார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. வருடம் முழுக்க இரண்டு கண்டங்களில் ஓடி உடம்பைத் தேய்த்தவருக்கு ஒரு கோடை கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

2020இல்தான் நிலைமை நகர்ந்தது. லீக்கோடு புது ஒப்பந்தம் பேசிய வீராங்கனைகள் சங்கத்தில் பேர்ட் துணைத் தலைவர்களில் ஒருவர். உச்ச சம்பளம் 2,15,000 டாலர் ஆனது. பேறுகால விடுப்பில் முழுச் சம்பளம், வெளியூர்ப் பயணத்தில் ஆளுக்கொரு தனி அறை, விமானத்தில் கால் நீட்ட இடமுள்ள இருக்கை. அணிக்கென்று தனி விமானம் 2024இல்தான் வந்தது. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் 2020வரை தனி அறைக்காகப் பேசவேண்டியிருந்தது என்பதை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

2022 பிப்ரவரியில் எகடெரின்பர்க் அணிக்கு ஆடப் போன அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனரை மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகக் கைது செய்தார்கள். ஒன்பது ஆண்டு சிறை என்று தீர்ப்பு. டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார். அதே ஆண்டு உக்ரைன் போரும் தொடங்கிவிட, அமெரிக்கப் பெண்களுக்கு ரஷ்யக் குளிர்காலம் அநேகமாக முடிந்துபோனது. 2025 ஜனவரியில் நஃபீசா காலியர், பிரியானா ஸ்டூவர்ட் என்ற இரண்டு வீராங்கனைகள் மயாமியில் சொந்தமாக ஒரு குளிர்கால லீக் தொடங்கினார்கள். மூன்றுக்கு மூன்று ஆட்டம். வெளிநாடு போகாமல் சம்பாதிக்க அவர்களே வழி செய்துகொண்டார்கள்.

சரி, நாகர்கோவிலுக்கு வருவோம். நம் ஊரில் கூடைப்பந்துப் பெண்ணுக்குச் சோறு போட்டது லீக் இல்லை, வேலை. சென்னையின் அனிதா பால்துரை பதினாறு வயதில் இந்திய அணிக்குள் வந்தார், பத்தொன்பதில் கேப்டன் ஆனார், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்குச் சம்பளம் தந்தது தெற்கு ரயில்வே. உங்கள் மகள் மாவட்ட, மாநில ஆட்டங்களுக்குப் போகட்டும். ஒவ்வொரு சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அப்புறம் வேலையும் கேட்கும்போது அந்தக் காகிதங்கள்தான் பேசும். படிப்பை விடச் சொல்லாதீர்கள், ஆட்டத்தையும் விடச் சொல்லாதீர்கள். பேர்ட்கூட நான்கு வருடம் கல்லூரியில் இருந்துவிட்டுத்தான் லீக்குக்குப் போனார்.

"அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 12 புள்ளிகூட இல்லை. சிலை வைக்கும் அளவுக்கு என்ன செய்துவிட்டார்?" – கல்லூரி மாணவர், சேலம்

சராசரியைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், 11.7. அதே பட்டியலில் பக்கத்துக் கட்டத்தையும் பாருங்கள் தம்பி: 580 ஆட்டங்களில் 3,234 அசிஸ்ட். அடுத்தவர் கூடை போட இவர் கொடுத்த பந்துகளின் கணக்கு அது. அவர் ஓய்வுபெற்றபோது அந்த லீக்கில் அத்தனை கொடுத்தவர் வேறு யாருமில்லை.

நானும் பாயிண்ட் கார்டாக ஆடியவள். அதனால் இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். பந்தைக் கொடுப்பது கஷ்டமில்லை. ஓடிவருகிறவள், சக வீராங்கனை குறுக்கே நின்று போடும் மறைப்பைத் தாண்டி வெளியே வந்து கால் ஊன்றுகிற அந்த நொடியில், அவள் நெஞ்சுக்கு நேராகப் பந்து போய் நிற்கவேண்டும். அரை அடி தாழ்ந்தால் அவள் குனிவாள், தடுக்கிறவள் வந்துவிடுவாள், கூடை போச்சு. பேர்டின் பந்துகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வாங்குகிறவர் குனிவதையே அநேகமாகப் பார்க்கமாட்டீர்கள். 2020 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இப்படி 16 கொடுத்தார். நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தக் கோப்பை அவருடைய நான்காவது. 2004, 2010, 2018, 2020 என்று எல்லாமே சியாட்டிலுக்கு.

புள்ளி தேவைப்பட்டபோது அதையும் எடுத்தார். 2018 அரையிறுதியில் பீனிக்ஸ் அணியோடு ஆடியபோது முழங்கை பட்டு மூக்கு உடைந்தது. முடிவு செய்கிற ஐந்தாவது ஆட்டத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டு வந்து, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 14 புள்ளி. எதிரணியில் நின்றது தோழி டாராசி. அந்தக் காட்சியை என் பள்ளிப் பெண்களோடு ஒரே செல்போனில் ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

"அமெரிக்கரான அவர் ஏன் இஸ்ரேல் குடியுரிமை வாங்கினார்?" – வாசகர், ஆம்பூர்

ஐரோப்பிய அணிகளில் அமெரிக்கர்கள் இத்தனை பேர்தான் ஆடலாம் என்று வரம்பு உண்டு. பேர்டின் அப்பா யூத வம்சாவளி. கூடைப்பந்தில் இஸ்ரேல் ஐரோப்பாவோடு சேர்ந்தது. அப்பாவின் வம்சாவளியை வைத்து 2006இல் இஸ்ரேல் குடியுரிமை பெற்றதால் அவரை ஐரோப்பிய வீராங்கனைகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் ஆடியது அமெரிக்காவுக்குத்தான். ஐந்து தங்கம்.

"எனக்கு 19 வயது. பல்கலைக்கழக அணியில் ஆடுகிறேன். போன மாதம் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் எல்லோரும் ஆடியது போதும் என்கிறார்கள். சூ பேர்டுக்கும் இப்படி ஆனதாமே?" – தஞ்சாவூர்

ஆனது கண்ணு. உன்னைப் போலத்தான். 1998 டிசம்பர், கல்லூரியில் முதல் வருடம், எட்டே ஆட்டம் ஆடியிருந்தார். இடது முழங்காலில் அதே தசைநார் கிழிந்தது. அந்தப் பருவம் முழுக்கப் போனது. அடுத்த பருவத்தில் கல்லூரிக் கோப்பையை வாங்கினார். அதே முழங்கால் பின்னாலும் அவரை விடவில்லை. 2013, 2019 என்று இரண்டு முழுப் பருவங்களை எடுத்துக்கொண்டது. இரண்டு முறையும் திரும்பி வந்தார். 2022 செப்டம்பர் 6, கடைசி ஆட்டத்தின்போது வயது 41.

எனக்கும் 19 வயதில் ஆனது. 1986, மாவட்டப் போட்டி, சிமெண்ட் தரை. குதித்து இறங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. வீக்கம் வடிய எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்தில் ஆடலாம் என்றார்கள், ஆடினேன், மறுபடியும் மடங்கியது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சரிசெய்ய வழி இருக்கிறது என்று எனக்கு அன்று சொல்ல ஆளில்லை. இன்றும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். உனக்குச் சொல்ல ஆளிருக்கிறது. அந்த மருத்துவர் சொல்வதைக் கேள்.

குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் இது கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீ தப்பாக ஆடியதால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. அப்புறம் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ பிசியோதெரபிதான் உண்மையான வேலை. தொடைத் தசை பழைய பலத்துக்கு வரவேண்டும். நாள்காட்டியைப் பார்த்துத் திரும்பி வராதே. ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் பரிசோதனையில் அந்தக் கால் மற்றதற்குக் கிட்டத்தட்ட சமமாக வந்த பிறகு வா. பேர்டிடம் உலகத்தரமான வசதிகள் இருந்தன, நம்மிடம் அவ்வளவு இல்லை. ஆனால் தொடைக்கான பயிற்சிக்கு ஒரு நாற்காலியும் ஒரு ரப்பர் பட்டையும் முதல் மாதங்களுக்குப் போதும்.

உட்கார்ந்தபடியே பந்தைப் பிடி. கையும் கண்ணும் ஓய்வெடுக்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அவர் பேச விரும்பினால், என் எண்ணை ஆசிரியர் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மாலை ஆறரைக்குப் பிறகு, பயிற்சி முடிந்து வீட்டில்தான் இருப்பேன்.