மாடியில் தனியாகப் பேசும் மகள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்த மகள் ஒலிப்பாடம் கேட்டு இத்தாலிய மொழி கற்கிறார், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடியில் தனியாகப் பேசுகிறார், அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள், "மெதுவாகப் பேசு" என்று கண்டித்துவிட்டேன் என்கிறீர்கள். இத்தாலிய மொழி சோறு போடுமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கண்டிப்பைத் திரும்பப் பெறுங்கள்.

ஒலிப்பாடம் பாட்டுக் கேட்பது போன்றதல்ல. "தண்ணீர் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்கும். சில விநாடி மௌனம். அதற்குள் இத்தாலியத்தில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிறகே சரியான விடை வரும். அதே சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், மறுநாளும் கேட்பார்கள். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியறிஞர் 1967-இல் வகுத்த கணக்கு இது. மறக்கப்போகிற சமயம் பார்த்துக் கேட்பதுதான் அதன் சூட்சுமம். முணுமுணுத்தால் தன் தவறு தன் காதுக்கே எட்டாது.

தமிழ் நாக்குக்கு இந்த மொழி பாதி வழி பழக்கப்பட்டதே. புளியும் புள்ளியும் நமக்கு வேறு வேறு. அங்கே 'பாலா' மண்வாரி, 'பல்லா' பந்து. ஆங்கிலேயர் தடுமாறும் இந்த இடத்தை மகள் எளிதில் தாண்டுவார். பொலோஞா என்ற ஊர்ப் பெயரில் வருவது நம் ஞகரம்தான். வினைமுற்றைச் சொன்னாலே 'நான்' என்பது புரிந்துவிடும் வழக்கமும் உண்டு. சறுக்கும் இடம் வேறு. படகின் 'ப', பஸ்ஸின் 'ப' இரண்டையும் நாம் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். முதல் 'ப' போட்டுச் சொன்னால் 'பாஸ்தா' சாப்பாடு. இரண்டாவதைப் போட்டால் 'போதும்' என்று பொருள். பரிமாறுகிறவரிடம் எதைச் சொன்னோம் என்பது முக்கியமல்லவா? அதனால் பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்க வேண்டாம். இன்னொரு தொல்லை: உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. படகும் வலையும் பெண், கடல் ஆண். காரணம் தேடாமல் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

பிம்ஸ்லர் பாடத்தில் ஒரு நிலைக்கு 30 பாடங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஒரு பாடத்தை இரண்டு நாள் கேட்டால் ஒரு நிலை முடிந்து ஒரு நாள் மிச்சம். நீங்களும் அப்போது கரையில் இருப்பீர்கள். வலை பின்னும் இடத்தில் அவரை உட்காரவைத்து உரக்கச் சொல்லவிடுங்கள். வீட்டில் கூச்சம் தெளியாத பிள்ளை ரோம் விமான நிலையத்தில் வாய் திறக்காது.

இனி, சோறு. முதல் நிலையை முடித்தால் வழி கேட்கலாம், கடையில் பேசலாம், அவ்வளவே. அதைக் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள். எழுத்துப் பயிற்சிக்கும் இலக்கணத்துக்கும் தனிப் புத்தகம் வேண்டும். இத்தாலிய வழியில் பட்டம் படிக்கப் பொதுவாக பி2 என்ற, இடைநிலைக்கு மேற்பட்ட மொழித் தேர்ச்சி தேவை. வெளிநாட்டவருக்கென்றே சியேனாவிலும் பெருஜியாவிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் முறையே நடத்தும் சில்ஸ், செலி போன்ற தேர்வுகள் அதற்குச் சான்று தருபவை. ஆனால் ஆங்கில வழியிலும் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. பொலோஞா பல்கலைக்கழகம் ராவென்னா வளாகத்தில் கடல் உயிரியலை ஆங்கிலத்தில்தான் நடத்துகிறது. மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்த விலங்கியல் பட்டதாரிக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். குடும்ப வருமானத்தைப் பார்த்து மாநில நிர்வாகங்கள் தரும் உதவித்தொகையும் அங்கே உண்டு. உங்கள் வருமானச் சான்றிதழைப் புதுப்பித்து வையுங்கள்.

ஆறு மாதத்தில் இத்தாலி வேலை என்று சொல்லும் தரகர் யாரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கையை அந்த அரசே வரம்பிடுகிறது. அனுமதிக்கு அங்குள்ள முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். தரகரின் பெயர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற முகவர் பட்டியலில் உள்ளதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் மூன்றாம் வாரம் மகளுடன் வாருங்கள். மதிப்பெண் பட்டியலின் நகல் இரண்டு போதும்.