குளம் மாறினால் நேரமும் மாறும்

கேள்வி: வணக்கம் மேடம். தென் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுக்கிறேன். 25 மீட்டர் குளம். 8 வயதிலிருந்து 16 வயது வரை 22 பேர் வருகிறார்கள். அதில் 9 பேர் இந்த முறை மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போன வருடம் சென்னையில் எல்லாருமே பயிற்சியில் அடித்த டைமைவிட மெதுவாகத்தான் நீந்தினார்கள். ரிலேயில் ஒரு சிறுமி முந்திப் பாய்ந்துவிட, மொத்த டீமையும் டிஸ்குவாலிஃபை செய்துவிட்டார்கள். 10 வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பையன் இப்போது 13 வயதில் பின்தங்கிவிட்டான். அவன் அப்பா கேலரியில் இருந்தபடியே திட்டுகிறார். "பயிற்சி பத்தவில்லை, காலையிலும் போடுங்கள்" என்கிறார்கள் பெற்றோர். தூரத்தைக் கூட்டலாமா? போட்டிக்குப் போகாத 13 பேரை என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத பயிற்சியாளர்

பதில்: தம்பி, கூட்டாதீர்கள். பிள்ளைகள் உண்மையிலேயே மெதுவாக நீந்தினார்களா என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் குளத்தில் 100 மீட்டர் போனால் மூன்று திருப்பம். சென்னையில் 50 மீட்டர் குளம், ஒரே ஒரு திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது பிள்ளைக்கு இனாமாக ஒரு வேகம் கிடைக்கிறது. கைக்கும் ஒரு நொடி ஓய்வு. இந்த இரண்டு உதை இல்லாமல் போனாலே 100 மீட்டரில் ஒன்றரை முதல் மூன்று விநாடி வரை கூடிவிடும். இன்னொன்று உங்கள் ஸ்டாப்வாட்ச். விசில் காதில் விழுந்த பிறகுதான் உங்கள் விரல் அமுங்குகிறது. ஆனால் கை சுவரைத் தொடப்போவதை உங்கள் கண் முன்கூட்டியே பார்த்துவிடுவதால், அங்கே விரல் சரியாக அமுங்கிவிடும். பெரிய போட்டிகளில் சுவரில் இருக்கும் எலெக்ட்ரானிக் பலகை அந்தச் சலுகையெல்லாம் தராது. சாதாரணமாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாகத்தான் காட்டும். ஆக, ஊரில் 1:15 போட்ட பிள்ளை சென்னையில் 1:17 போட்டால் அது தோல்வியே இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள். போட்டி முடிந்த பிறகு கொடுத்தால் சாக்குப் போக்கு என்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் உங்கள் ஊர்ப் பெற்றோர் சொல்வதையே செய்தவள்தான். முதன்முதலாக ஒரு அணியை மாநிலப் போட்டிக்குக் கூட்டிப்போனபோது, கிளம்புவதற்கு முந்தின நாள் வரை காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீரில் போட்டு எடுத்தேன். ரேஸுக்கு முன் பெயர் கூப்பிட்டு உட்காரவைக்கும் 'கால் ரூம்' (call room) அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் என் அணிப் பெண் ஒருத்தி, தலையில் கேப்போடு, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். 200 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல். முதல் 100 பார்க்க அழகாகப் போனாள். கடைசி 50ல் முழங்கை தண்ணீருக்கு மேலேயே வரவில்லை. ஏறி வந்து, "நான் சரியா பிராக்டிஸ் பண்ணலையா மிஸ்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

இருக்கும் ஐந்து வாரத்தில் முதல் மூன்று வாரம் இப்போது போல நன்றாக வேலை வாங்குங்கள். அதற்குப் பிறகு எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. வாரம் ஆறு நாள் வரும் 14, 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். பெரியவர்களுக்கு இதை இரண்டு வாரம் வரை நீட்டுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. வரும் நாட்களைக் குறைக்காதீர்கள், வேகத்தையும் குறைக்காதீர்கள். 25 மீட்டர் முழு வேகத்தில் நான்கைந்து முறை, நடுவில் தாராளமான ஓய்வு, அவ்வளவுதான் அன்றைய கடினமான பகுதி. பலர் தப்பு செய்வது இங்கேதான்: தூரத்தோடு வேகத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, பிள்ளை மந்தமாகிவிட்டது என்று கடைசி மூன்று நாளில் பயந்துபோய் மறுபடி கூட்டுவார்கள். வாரம் நான்கு நாள் வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சடங்கே வேண்டாம். களைக்கிற அளவுக்கு அவர்கள் நீந்துவதே இல்லை. கடைசி இரண்டு மூன்று நாள் லேசாக விட்டால் போதும்.

தூரம் குறைகிற வாரத்தில் பெரிய பிள்ளைகள், "தண்ணி கனமா இருக்கு சார், கை ஓடவே மாட்டேங்குது" என்பார்கள். வீட்டில் துறுதுறுவென்று இருப்பார்கள், சண்டை போடுவார்கள். அது சரியாகிவிடும். அதைக் கேட்டுத் தாய்மார் உங்களுக்கு போன் செய்வார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

மிச்சப்படும் நேரத்தில்தான் உங்களுக்கு உண்மையான வேலை. வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு 50 மீட்டர் குளத்தின் விளிம்பில் போய் முதல் தடவை நிற்கிற பிள்ளைக்கு எதிர்ச் சுவர் அடுத்த ஊரில் இருப்பது போலத் தெரியும். 35வது மீட்டரில் மனசு சுவரைத் தேடும், சுவர் இருக்காது. இதை 25 மீட்டர் குளத்திலேயே பழக்கலாம். சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே, தொடாமல், உதைக்காமல், நடுத்தண்ணீரில் உடம்பைத் திருப்பிக்கொண்டு திரும்பி வரச் சொல்லுங்கள். நின்ற வேகத்தைக் கையாலும் காலாலும்தான் மறுபடி பிடிக்க வேண்டும். நான்கு நீளம் இப்படிப் போனால் பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, களைப்பான நேரத்தில் கொடுங்கள்.

மல்லாந்தபடி பேக் ஸ்ட்ரோக் நீந்தும் பிள்ளைக்குச் சுவர் வருவதைச் சொல்வது தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடிகள்தான். விதிப்படி அவை சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, தண்ணீரிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் குளத்தில் இல்லையென்றால் கோயில் கொடையில் கட்டுவார்களே, அந்தத் தோரணக் கயிறு ஒன்று வாங்கிவந்து இரண்டு பக்கமும் கட்டிவிடுங்கள். கொடியைத் தாண்டியதும் எத்தனை கை போட்டால் சுவர் என்று ஒவ்வொரு பிள்ளையும் எண்ணி மனப்பாடம் செய்யட்டும். முழு வேகத்தில் போகும்போது அந்த எண் மாறும், அதனால் வேகத்தில் எண்ண வேண்டும். தலையில் சுவர் இடிக்குமோ என்று பயந்து கடைசி 5 மீட்டரைத் தடவிக்கொண்டு வந்தே பதக்கத்தை விட்ட பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பாய்வதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பாய்வதற்கு ஏறி நிற்கும் மேடையான பிளாக் வைத்திருக்கும் பக்கம், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளித் தொடங்கி 6 மீட்டர் வரை ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. கிட்டத்தட்ட நாலரை அடி. நம் ஊர்க் குளங்கள் பலவற்றில் ஒரு முனை மூன்றடிதான் இருக்கும். போட்டி நெருங்குகிறது என்று அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் பாயவிடாதீர்கள், ஒரு தடவைகூட. கழுத்து எலும்பு போனால் போனதுதான். ஆழமான பக்கம், குளத்தின் விளிம்பிலிருந்தே பழகட்டும். பிளாக் பழக்கத்துக்குப் போட்டிக்கு முந்தின நாளே சென்னை போய், பயிற்சி நேரத்தில் ஆளுக்கு எட்டு பத்து ஸ்டார்ட் எடுத்தால் போதும். மூச்சை அடக்கி யார் அதிக தூரம் போவது என்ற பந்தயத்தையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அதில் தண்ணீருக்கு அடியிலேயே சத்தமில்லாமல் மயங்கிவிடுவார்கள்.

ரிலேக்கு வருகிறேன். முன்னால் வருகிறவர் சுவரைத் தொடும் முன் அடுத்தவரின் கால் பிளாக்கை விட்டுக் கிளம்பக் கூடாது, விதி அவ்வளவுதான். கையை வீசலாம், உடம்பு முன்னால் சாயலாம், கால் விரல் மட்டும் கடைசியாக விட்டால் போதும். இதைச் சொல்லித்தராததால்தான் பிள்ளைகள் ஒன்று சிலை மாதிரி நிற்கிறார்கள், இல்லை மொத்தமாகக் குதித்துவிடுகிறார்கள். வருகிறவரின் தலையைப் பார்க்காமல் கையைப் பார்க்கப் பழக்குங்கள். தினமும் பயிற்சி முடிவில் பத்து மாற்றம். போன வருடம் முந்திப் பாய்ந்த அந்தச் சிறுமி இந்த வருடமும் ரிலேயில் இருக்க வேண்டும், அதே இடத்தில். பாதுகாப்பு என்று அவளை, யார் தொடுவதற்கும் காத்திருக்க வேண்டாத முதல் ஆளாக மாற்றினால், நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இருக்காது.

13 வயதுப் பையனுக்குப் போன இரண்டு வருடத்தில் உயரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தீர்களா? 10 வயதில் முந்துகிற பிள்ளைகளில் பலர் மற்றவர்களைவிட முன்னாடியே வளர்ந்தவர்கள். மற்றப் பிள்ளைகள் வளர்ந்து வந்து சேரும்போது அந்த முந்தல் கரைந்துவிடும். கை கால் திடீரென்று நீளும்போது ஸ்ட்ரோக்கும் கலையும், தோளும் வலிக்கும். தோள் வலித்தால் கையில் மாட்டும் துடுப்புப் பலகையைக் கழற்றிவிட்டுக் கால் உதைப் பயிற்சி மட்டும் கொடுங்கள். வலி விடாவிட்டால் மருத்துவரைப் பார்க்கட்டும். அவன் அப்பாவிடம் சஜன் பிரகாஷ் பற்றிச் சொல்லுங்கள். நெய்வேலியில் வளர்ந்த பையன்தான். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38ல் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27. பதின்மூன்று வயதுப் பையனைக் கேலரியில் இருந்து திட்டுகிறவருக்கு இந்த எண் கொஞ்சம் உறைக்கும்.

உறைக்காவிட்டால் வேலை கொடுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொரு 50 மீட்டருக்கும் மகன் எத்தனை கை போடுகிறான் என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே திட்ட முடியாது, முயன்று பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே விதி வையுங்கள்: பிள்ளை கால் ரூமுக்குப் போனதிலிருந்து நீந்தி முடித்து அரை மணி நேரம் ஆகும் வரை பேசுவது பயிற்சியாளர் மட்டும். நீங்களும் அப்போது டைமைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் குடித்தாயா, துண்டு எங்கே என்று கேட்டாலே போதும்.

பெண் பிள்ளைகள் போகும் அணியோடு பொறுப்பான பெண் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். மாதவிடாய் அன்று நீந்தலாமா என்று உங்களிடம் கேட்க மாட்டார்கள், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். 13, 14 வயதில் உடம்பு மாறும்போது சில பெண்களுக்கு ஒரு வருடம்கூட டைம் நகராது. அதற்கு எடையைக் குறை என்று யாராவது யோசனை சொன்னால் வாயை அடைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் புதுசாக எதுவும் வேண்டாம். இட்லி, வாழைப்பழம், தயிர் சாதம், வீட்டில் எது ஒத்துக்கொள்கிறதோ அது. முந்தின ராத்திரி சென்னை வந்த சந்தோஷத்தில் பிரியாணி வாங்கித் தருகிற சித்தப்பாவைத் தூரத்தில் வையுங்கள். முதல் சுற்றான ஹீட்ஸ் காலையில் நடக்கும். உங்கள் பயிற்சி மாலையில் என்றால் கடைசி இரண்டு வாரம் காலைக்கு மாற்றுங்கள். பெற்றோர் கேட்ட காலைப் பயிற்சியும் வந்துவிட்டது, தூரமும் கூடவில்லை. ஆளுக்கு இரண்டு காகிள்ஸ், ஈர உடம்போடு உட்காராமல் இருக்க ஒரு பழைய டி-ஷர்ட். விலை உயர்ந்த ரேஸ் உடுப்பெல்லாம் இந்த வயதுக்கு வெட்டிச் செலவு, அந்தக் காசில் எல்லாரையும் ஒரு நாள் முன்னாடியே சென்னை கூட்டிப்போகலாம்.

இனி அந்த 13 பேர். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் குளத்திலேயே ஒரு போட்டி நடத்துங்கள், 22 பேருக்கும். நிஜப் போட்டி மாதிரியே பெயர் கூப்பிட்டு, நாற்காலி போட்டு வரிசையாக உட்காரவைத்து, இருபது நிமிடம் காக்க வையுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் வயிறு கலங்கும், அதுவும் பழக வேண்டியதே. குட்டிக் குட்டி விசில் அடித்தால் மேல் துணியைக் கழற்ற வேண்டும், நீண்ட விசில் அடித்தால் பிளாக்கில் ஏற வேண்டும், பேக் ஸ்ட்ரோக்குக்கு முதல் நீண்ட விசிலில் தண்ணீருக்குள் இறங்கி, இரண்டாவதில் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு தவறான ஸ்டார்ட், ஆள் வெளியே. இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

சென்னைக்குப் போகாத பிள்ளைகள் தங்கள் ரேஸ் முடிந்ததும் திருப்ப நடுவர்கள். ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடுகிறதா என்று சுவருக்கு மேலே குனிந்து பார்ப்பது அவர்கள் வேலை. பெரிய பிள்ளைகள் களைத்த கடைசித் திருப்பத்தில் ஒற்றைக் கையால் தொட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எட்டு வயது நடுவர் கவனிப்பான். கையைத் தூக்குவான். ஈவு இரக்கம் பார்க்க மாட்டான்.